ஐந்து நாள் விடுப்பில் அந்தமான் ஸ்கூபா: ஊர் திரும்பும் நாளிலிருந்து கணக்குப் போடுங்கள்

பிப்ரவரியில் புதன் முதல் ஞாயிறு வரை விடுப்பு. கோயம்புத்தூரிலிருந்து சென்னை வழியாக அந்தமான். நீங்களும் மனைவியும் ஸ்கூபா டைவிங்கின் முதல்நிலை லைசென்ஸான ஓப்பன் வாட்டர் எடுக்க வேண்டும். செல்லுலார் சிறை, ராதாநகர் கடற்கரை, நீல் தீவு மூன்றையும் பார்க்க வேண்டும். ஞாயிறு மதியம் ஒரு மணிக்குத் திரும்பும் விமானம். மனைவிக்கு நீச்சல் அரைகுறை. உடன் வரும் நண்பர் நான்கு வருடம் முன்பு புதுச்சேரியில் லைசென்ஸ் எடுத்துவிட்டு அதற்குப் பிறகு தண்ணீரில் இறங்காதவர். இதெல்லாம் ஐந்து நாளில் அடங்குமா, ஞாயிறு காலையில் ஒரு கடைசி டைவ் போட்டுவிட்டு ஃபெர்ரி பிடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேரம் போதுமா என்ற கேள்விக்குள் எதை விடுவது என்ற கேள்விதான் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லிவிட்டால் மற்றது தானாகவே அமைந்துவிடும்.

முதலில் சுருக்கமாக. லைசென்ஸ் முடியும், ஆனால் அதற்கான வேலையில் பாதியை ஊரிலேயே முடித்துவிட்டுப் போக வேண்டும். நீல் தீவை இந்தமுறை விட்டுவிடுங்கள். ஞாயிறு காலை டைவ் கூடவே கூடாது. நான் அந்தமானில் நீங்கள் டைவ் செய்யப்போகும், ராதாநகர் கடற்கரையும் இருக்கும் ஹேவ்லாக் தீவில் இன்ஸ்ட்ரக்டராகப் பல சீசன் வேலை பார்த்தவன், இப்போது சென்னையில் நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுக்கிறேன். மருத்துவன் இல்லை. உடல்நிலை பற்றி நான் சொல்வதை டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு டைவ் ஏன் கூடாது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முழுத் திட்டமும் அதைச் சுற்றித்தான் நிற்கிறது. தண்ணீருக்கு அடியில் அழுத்தத்தோடு மூச்சு விடும்போது நைட்ரஜன் உடம்பின் திசுக்களில் கரைகிறது. மேலே வந்த பிறகும் அது முழுதாக வெளியேறப் பல மணி நேரம் ஆகும். அந்த நிலையில் விமானம் ஏறினால், கோலி சோடாவைத் திறந்ததும் நுரைப்பது போல மீதி நைட்ரஜன் குமிழியாகி டிகம்ப்ரஷன் நோயைக் கொண்டுவரலாம். விமானத்துக்குள் தரைமட்ட அழுத்தம் இருப்பதில்லை. பறக்கும் உயரத்தைப் பொறுத்து, கேபினுக்குள் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் நிற்பதற்குச் சமமான அழுத்தம்தான் இருக்கும். ஊட்டி 2,240 மீட்டர். ஞாயிறு காலை டைவ் போட்டுவிட்டு மதியம் விமானம் ஏறுவது, கடலிலிருந்து எழுந்த சில மணி நேரத்தில் ஊட்டியில் போய் நிற்பது போன்றது.

எவ்வளவு நேரம் இடைவெளி வேண்டும்? டான் எனப்படும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் 2002இல் நடத்திய கருத்தரங்கிலிருந்து வந்த வழிகாட்டுதல்தான் இன்றும் பெரும்பாலான இடங்களில் அடிப்படை. டிகம்ப்ரஷன் நிறுத்தம் (நைட்ரஜன் வெளியேற, மேலே வரும் வழியில் நின்று காத்திருப்பது) தேவைப்படாத ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம். ஒரே நாளில் பல டைவ், அல்லது பல நாள் தொடர்ந்து டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம். டிகம்ப்ரஷன் நிறுத்தம் தேவைப்பட்ட டைவ் என்றால் 18ஐவிடக் கணிசமாக அதிகம். உங்கள் கோர்ஸ் இரண்டாவது வகை. இதுவரை சொன்னது உறுதியானது.

உறுதியில்லாத பகுதியும் இருக்கிறது. இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பவை டியூக் பல்கலைக்கழகத்தில் அழுத்த அறைக்குள், உலர்ந்த நிலையில், ஓய்வாக உட்கார்ந்திருந்த தன்னார்வலர்களை வைத்துச் செய்த சோதனைகள். அலையில் ஃபின் அடித்துக் களைத்து, வெயிலில் நீர்ச்சத்து குறைந்து, இரவு சரியாகத் தூங்காத உடம்புக்கு அதே கணக்கு அப்படியே பொருந்துமா என்பது வேறு விஷயம். மாலத்தீவில் ஒரு வாரம் டைவ் செய்துவிட்டு 24 மணி நேரம் கழித்து இத்தாலிக்குத் திரும்பியவர்களை விமானத்திலேயே எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், சிலருக்கு இதயத்தில் குமிழிகள் தெரிந்தன. குமிழி தெரிவதும் நோய் வருவதும் ஒன்றல்ல, ஆனால் 18 மணி என்பது பாதுகாப்புக்கான உத்தரவாதமும் அல்ல. அதனால் என் மாணவர்களுக்கு நான் சொல்வது 24 மணி நேரம். இது விதி இல்லை, என் முடிவு. நேரம் குறைவாக இருப்பவர்கள் பேரம் பேசுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

சரி, இப்போது பின்னாலிருந்து எண்ணுவோம். ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு விமானம். அப்படியானால் கடைசி டைவிலிருந்து சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு முன்பே மேலே வந்திருக்க வேண்டும். அந்தமானில் டைவ் படகுகள் காலையில் சீக்கிரமே கிளம்பிவிடும். இரண்டு டைவ் முடித்து முற்பகலில் கரை சேர்ந்துவிடலாம், எனவே சனி காலை பயன்படும். ஞாயிறு டைவுக்குக் கணக்கில் இல்லை. முன்பக்கம் புதன்கிழமையும் பெரும்பாலும் போய்விடும். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். (2024இல் ஊரின் பெயர் ஸ்ரீ விஜய புரம் என்று மாறிவிட்டது. ஹேவ்லாக்கும் 2018 முதல் ஸ்வராஜ் தீவு. டிக்கெட்டில் எந்தப் பெயர் வந்தாலும் குழம்ப வேண்டாம்.) அங்கிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் ஃபெர்ரியில் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம். இந்திய நேரத்தையே அங்கும் வைத்திருப்பதால் பிப்ரவரியில் மாலை ஐந்தரைக்குள் சூரியன் விழுந்துவிடும், கடைசி ஃபெர்ரிகளும் பெரும்பாலும் பிற்பகலிலேயே கிளம்பிவிடும். நீங்கள் போர்ட் பிளேரில் மதியத்துக்குப் பிறகு இறங்கினால் அன்று ஹேவ்லாக் போய்ச் சேர்வது சந்தேகம், ஒரு இரவு அங்கேயே போய்விடும். ஆக, ஐந்து நாள் பயணத்தில் உங்களுக்கு உண்மையில் இருக்கும் டைவ் நாட்கள் வியாழன், வெள்ளி, சனி காலை. இரண்டரை நாள்.

இதனால் கோவையிலிருந்து செவ்வாய் இரவு ரயிலில் கிளம்பி, அதிகாலையில் சென்ட்ரலில் இறங்கி, ஓட்டமாக விமானம் பிடிப்பது என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். ரயில் ஒரு மணி நேரம் தாமதித்தால் விமானமும் போகும், ஃபெர்ரியும் போகும். செவ்வாய் மாலையே சென்னைக்கு வந்து விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கி, புதன் காலையின் முதல் விமானங்களில் ஒன்றைப் பிடியுங்கள். அலுவலகத்தில் அரை நாள் கூடுதலாகக் கேட்டு வாங்க முடிந்தால், அந்த அரை நாளைச் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

இனி கோர்ஸ். ஓப்பன் வாட்டர் மூன்று பகுதி கொண்டது: பாடம், ஆழமில்லாத தண்ணீரில் பயிற்சி, கடலில் நான்கு டைவ். லைசென்ஸ் வழங்கும் பயிற்சி அமைப்புகளில் ஒன்றான பேடியின் (PADI) முறைப்படி ஒரு நாளில் மூன்று பயிற்சி டைவுக்கு மேல் கூடாது, எனவே கடல் டைவ்களுக்கு மட்டும் இரண்டு நாள் வேண்டும். எல்லாவற்றையும் ஹேவ்லாக்கிலேயே செய்தால் வியாழன் முழுவதும் ஆழமில்லாத தண்ணீரில், வெள்ளி இரண்டு டைவ், சனி இரண்டு டைவ் என்று வரும். காகிதத்தில் அழகாக அடங்குகிறது. ஆனால் ஒரு நாள் காற்று அடித்தால், ஒருவருக்குக் காது வலித்தால், ஒரு பயிற்சி ஒட்டாமல் போனால் எங்கிருந்தும் நேரம் எடுக்க வழியில்லை. அந்த நிலையில் இன்ஸ்ட்ரக்டருக்கும் அவசரம், மாணவருக்கும் அவசரம். கடலில் நான் பார்க்க விரும்பாத சேர்க்கை அது.

மாற்று வழி ரெஃபரல். பாடத்தை ஆன்லைனில் வீட்டிலேயே முடித்து, ஆழமில்லாத நீர்ப் பயிற்சியை ஊரில் ஒரு குளத்தில் ஒரு வார இறுதியில் முடித்து, இன்ஸ்ட்ரக்டரிடம் ரெஃபரல் படிவம் வாங்கிக்கொண்டு போகலாம். பன்னிரண்டு மாதத்துக்குள் வேறு ஊரில் கடல் டைவ்களை முடித்து லைசென்ஸ் வாங்கலாம். சென்னையிலும் பெங்களூரிலும் குளத்தில் பயிற்சி தருபவர்கள் இருக்கிறார்கள். கோவையிலேயே கிடைத்தால் இன்னும் நல்லது. அப்படிப் போனால் வியாழன் காலை ஒரு மணி நேரம் பழையதை ஞாபகப்படுத்திவிட்டு, அன்றே முதல் இரண்டு டைவ். வெள்ளி அடுத்த இரண்டு. சனி காலை உங்கள் கையில் மிச்சம். யாருக்காவது ஏதாவது தவறிப்போனால் ஈடுகட்ட, இல்லையென்றால் லைசென்ஸ் கையில் வைத்துக்கொண்டு பரீட்சை எதுவும் இல்லாமல் நிம்மதியாக ஒரு டைவ் போட. இந்த ஒரு ஏற்பாடு உங்கள் பயணத்தின் தரத்தையே மாற்றிவிடும். இரண்டு விஷயம் மட்டும் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்யுங்கள். ஹேவ்லாக் சென்டர் ரெஃபரல் மாணவர்களை எடுத்துக்கொள்கிறதா, ஊரில் நீங்கள் படிக்கும் அமைப்பும் (பேடியோ எஸ்எஸ்ஐயோ) அங்கே இருக்கும் அமைப்பும் ஒன்றுதானா. வேறு வேறாக இருந்தாலும் வழி இருக்கலாம், ஆனால் அதைக் கரையில் நின்று பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

குளத்தில் செய்வதில் நேரம் மிச்சமாவதைத் தாண்டி ஒரு லாபம் இருக்கிறது. மாஸ்க்கைத் தண்ணீர் நிரப்பிக் காலி செய்யும் பயிற்சியில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திப் பிடித்து, மூக்கு வழியாக மூச்சை வெளியே விட வேண்டும், தண்ணீர் கீழ் வழியாகப் போய்விடும். செய்முறை அவ்வளவுதான். ஆனால் மூக்கில் தண்ணீர் பட்டதும் உடம்பு மேலே ஓடச் சொல்லும். ஒன்றரை மீட்டர் குளத்தில் எழுந்து நின்றுவிடலாம், இருமலாம், சிரிக்கலாம், மறுபடி உட்காரலாம். பத்து மீட்டர் ஆழத்தில் எழுந்து நிற்க இடமில்லை. அங்கிருந்து மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் நுரையீரலில் இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரலைக் கிழிக்க அதைவிடக் குறைந்த ஆழமே போதும். மூச்சை எப்போதும் நிறுத்தாதே என்பதை முதல் விதியாகச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். அந்த ஓட்டத்தைக் குளத்திலேயே அடக்கிப் பழகிவிட்டு வருபவர்கள் கடலில் மீனைப் பார்க்கிறார்கள். பழகாதவர்கள் தங்கள் மாஸ்க்கையே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் மனைவியின் நீச்சல் பற்றி. ஓப்பன் வாட்டர் லைசென்ஸுக்கு எந்த உதவிச் சாதனமும் இல்லாமல் நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும், அல்லது மாஸ்க், ஃபின்ஸ், ஸ்நார்கலோடு 300 மீட்டர். அதோடு பத்து நிமிடம் ஆழமான தண்ணீரில் மிதக்க வேண்டும். வேகம் முக்கியமில்லை, எந்த முறையில் நீந்தினாலும் சரி, நேரக் கெடுவும் கிடையாது. இன்றிலிருந்து பிப்ரவரிக்குள் வாரத்துக்கு மூன்று நாள் குளத்துக்குப் போனால், தண்ணீரைக் கண்டு பயமில்லாத ஒருவரால் பெரும்பாலும் எட்டிவிட முடியும். எட்டவில்லை என்றால் லைசென்ஸை இந்தமுறை ஒத்திவைப்பதுதான் சரி. "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று எந்த சென்டராவது சொன்னால் அந்த சென்டரைத்தான் மாற்ற வேண்டும். கடலில் படகு எட்டத்தில் இருக்கும்போது மேற்பரப்பில் மிதந்து காத்திருக்கத் தெரிவது அவருடைய உயிருக்கான விஷயம்.

அவருக்கு ஏமாற்றம் வேண்டாம், நீச்சல் தெரியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. அறிமுக டைவ், அதாவது டிரை டைவ். அரை மணி நேர விளக்கம், ஆழமில்லாத இடத்தில் கொஞ்சம் பயிற்சி, பிறகு இன்ஸ்ட்ரக்டர் கூடவே பிடித்துக்கொண்டு அதிகபட்சம் 12 மீட்டர் வரை கூட்டிப் போவார். ஹேவ்லாக்கில் நீமோ ரீஃப் போன்ற கரையோர இடங்களில் இதைச் செய்கிறார்கள். அனிமோனுக்குள் குடியிருக்கும் கோமாளி மீனைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம் (கையை எட்டக் கூடாது என்பது வேறு). ஆளாளுக்கு ஒரு இன்ஸ்ட்ரக்டரா, தண்ணீருக்குள் எத்தனை நிமிடம், எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். மலிவான பேக்கேஜ்களில் போட்டோவும் வீடியோவும் தாராளமாக இருக்கும், தண்ணீரில் இருக்கும் நேரம்தான் குறைவாக இருக்கும். நீங்கள் கோர்ஸ் செய்ய, அவர் டிரை டைவ் செய்து ராதாநகரில் மாலையைக் கழிக்க என்று பிரித்துக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை. நேரம் குறைவான தம்பதிகளுக்கு நான் பல நேரம் பரிந்துரைப்பதே அதைத்தான்.

அடுத்தது மருத்துவப் படிவம். ஐந்து நாள் பயணங்கள் கெட்டுப்போவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் கடலோ காற்றோ அல்ல, இந்த ஒரு தாள். முதல் பக்கத்தில் பத்துக் கேள்விகள். மூச்சு, இதயம், காது, சைனஸ், வலிப்பு, மயக்கம், கடந்த ஒரு வருடத்தில் அறுவை சிகிச்சை, நீரிழிவு, தொடர்ந்து எடுக்கும் மருந்து என்று போகும். சிலவற்றுக்கு ஆம் என்றால் டாக்டரின் கையெழுத்து வேண்டும். வியாழன் காலை ஏழு மணிக்கு ஹேவ்லாக்கில் உட்கார்ந்துகொண்டு, சிறு வயதில் ஆஸ்துமா இருந்தது என்று முதல்முறையாக எழுதினால், அங்கே உங்களைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போடும் டாக்டரைத் தேடியே ஒரு நாள் போகும். மறைத்து இல்லை என்று எழுதுபவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆஸ்துமாவில் காற்று நுரையீரலின் ஒரு பகுதியில் அடைபட்டால், மேலே வரும்போது விரிய இடமில்லாமல் கிழித்துவிடும். படிவத்தை இப்போதே பதிவிறக்கி மூவரும் நிரப்பிப் பாருங்கள். ஏதாவது ஆம் வந்தால் கோவையிலேயே உங்களைத் தெரிந்த டாக்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் டைவ் வேண்டாம், இதில் எல்லா அமைப்புகளும் ஒரே குரல்.

காது. ஆழம் போகப் போக வெளியழுத்தம் செவிப்பறையை உள்ளே தள்ளும், நாம் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதியோ விழுங்கியோ உள்ளே காற்றை அனுப்பிச் சரிசெய்ய வேண்டும். டைவர்கள் இதை ஈக்வலைஸ் பண்ணுவது என்பார்கள். அழுத்தம் விகிதத்தில் அதிகம் மாறுவது முதல் பத்து மீட்டரில்தான், அதனால் பிரச்சினையும் அங்கேதான். மூன்று மீட்டரில் கயிற்றைப் பிடித்தபடி ஒருவர் உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டி, பிறகு காதைக் காட்டுவார். கொஞ்சம் மேலே ஏறி, ஈக்வலைஸ் பண்ணி, மறுபடி இறங்கினால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்குபவர்தான் செவிப்பறையைக் கெடுத்துக்கொள்கிறார், அதோடு அந்தப் பயணத்தில் அவருடைய டைவ் முடிந்தது. எனவே வலிக்கும் முன்பே, இறங்க ஆரம்பித்த உடனேயே, அடிக்கடி செய்ய வேண்டும். வீட்டில் தினமும் சில முறை மூக்கைப் பிடித்து விழுங்கிப் பாருங்கள், இரண்டு காதிலும் மெல்லிய க்ளிக் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். ஒரு காது எப்போதும் பிடிவாதம் பிடித்தால் இஎன்டி டாக்டரைப் பாருங்கள். பயணத்துக்கு முந்தைய வாரம் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்வதும் திட்டத்தின் பகுதிதான். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், ஆழத்தில் இருக்கும்போதே அதன் வேகம் தீர்ந்து, மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளலாம்.

உங்கள் நண்பருக்கு. ஓப்பன் வாட்டர் லைசென்ஸ் காலாவதி ஆகாது. கை மறந்துபோகும். நான்கு வருட இடைவெளிக்குப் பிறகு நேராகப் படகில் ஏற வேண்டாம், ஒரு ரெஃப்ரெஷர் செய்யச் சொல்லுங்கள், அரை நாள் வேலை. அதையும் ஊரிலேயே உங்களோடு சேர்ந்து குளத்தில் முடித்துவிட்டால் வியாழனே அவர் கடலில் இருப்பார். டிக்சன்ஸ் பினாக்கிள், ஜானிஸ் கார்ஜ் என்ற இரண்டு டைவ் இடங்களையும் பார்க்க ஆசைப்படுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஹேவ்லாக்கின் மிகச் சிறந்த இடங்களில் அவை சேரும், ஆசை புரிகிறது. ஆனால் அவருடைய லைசென்ஸ் எல்லை 18 மீட்டர், அங்கே பார்க்க வேண்டியதெல்லாம் பெரும்பாலும் அதற்குக் கீழே. 30 மீட்டர் வரை போக அட்வான்ஸ்டு கோர்ஸ் வேண்டும், அதற்கு ஐந்து டைவ், குறைந்தது இரண்டு நாள். அவர் தன் இரண்டரை நாளை அதற்கே செலவிடலாம். இல்லையென்றால் அக்வேரியம், தி வால் மாதிரி பக்கத்து இடங்களில், வால் என்றால் அதன் மேல் பகுதியில் மட்டும், அவசரமில்லாமல் நாலைந்து டைவ் போடலாம். நான்கு வருடம் கழித்து வருபவருக்கு இரண்டாவதைத்தான் நான் சொல்வேன். நீரோட்டம் வலுவாக இருக்கும் பினாக்கிள்களில் (கடலடிப் பாறை முகடுகளில்) மிதவைக் கட்டுப்பாடு இல்லாத டைவர் காற்றையும் வீணாக்குவார், பவளத்தையும் உடைப்பார். அந்தமானின் பவளங்கள் 2010, 2016இல் கடல் சூடானதால் வந்த வெளிறலில் ஏற்கெனவே அடிபட்டவை.

இப்போது நாட்களை அடுக்கிப் பார்க்கலாம். புதன் காலை விமானம், மதிய ஃபெர்ரி, மாலை சென்டரில் படிவம், உபகரண அளவு பார்த்தல், சீக்கிரம் தூக்கம். கண்ணாடி போடுபவர்கள் பவர் மாஸ்க் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். வியாழன், வெள்ளி கடல். இரண்டில் ஒரு நாள் பிற்பகல் ராதாநகர், டைவ் முடிந்த பிறகு தாராளமாக நேரம் இருக்கும். சனி காலை ஒன்று அல்லது இரண்டு டைவ், முற்பகலில் கரை, பிற்பகல் ஃபெர்ரியில் போர்ட் பிளேர், இரவு அங்கேயே தங்கல். ஞாயிறு காலை செல்லுலார் சிறை, அங்கிருந்து நேராக விமான நிலையம். சனி இரவே போர்ட் பிளேர் வந்துவிடச் சொல்வதற்குக் காரணம், ஞாயிறு காலை ஃபெர்ரி ரத்தானால் விமானமும் போய்விடும் என்பது. 2016 டிசம்பரில் வர்தா புயலுக்கு முந்தைய நாட்களில் ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போய் அழைத்துவர வேண்டியிருந்தது. பிப்ரவரியில் அப்படி நடக்க வாய்ப்பு மிகக் குறைவு, கடல் பொதுவாக அமைதியாகவே இருக்கும். ஆனாலும் அந்தமானில் விமானத்துக்கும் உங்களுக்கும் நடுவில் கடலை வைத்துக்கொண்டு கடைசி இரவு தூங்கக் கூடாது. ஃபெர்ரி டிக்கெட்டுகளை விமான டிக்கெட் எடுத்த கையோடு எடுத்துவிடுங்கள், சீசனில் தீர்ந்துவிடும்.

நீல் தீவை ஏன் விடச் சொன்னேன் என்பது இப்போது தெரிந்திருக்கும். அழகான தீவுதான், பவளமும் நன்றாக இருக்கும். ஆனால் போக ஒரு ஃபெர்ரி, வர ஒரு ஃபெர்ரி, இரண்டு முறை பெட்டி கட்டல், இரண்டு ஹோட்டல். ஒரு டைவ் நாளின் விலை அது.

காப்பீடு பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபா பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும், அல்லது ஆழ வரம்பு இருக்கும், பாலிசியைப் படியுங்கள். டைவர்களுக்கென்றே தனிக் காப்பீடு இருக்கிறது. டிகம்ப்ரஷன் நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை ஹேவ்லாக்கில் கிடையாது, போர்ட் பிளேரின் கடற்படை மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். டைவுக்குப் பிறகு மூட்டு வலி, மரத்துப்போதல், தோலில் திட்டு, காரணமில்லாத கடும் களைப்பு, தலைச்சுற்றல் எது வந்தாலும் உடனே சென்டரிடம் சொல்லுங்கள், ஆக்சிஜன் கேளுங்கள், அந்த நிலையில் விமானம் ஏறாதீர்கள். அவசரச் சிகிச்சைக்கான ஆக்சிஜன் படகிலேயே இருக்கிறதா என்பது முன்பதிவு செய்யும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி. ஓர் இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை மாணவர் என்பது இரண்டாவது. வானிலையால் டைவ் ரத்தானால் பணம் திரும்புமா என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் வரும் இடத்தில் பதிவு செய்யுங்கள்.

ஒருவேளை பிப்ரவரி விடுப்பு கை நழுவி மே, ஜூனுக்குத் தள்ளிப்போனால் அந்தமானைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். மே நடுவில் தென்மேற்குப் பருவமழை அங்கே வந்துவிடும், இரண்டரை நாளில் ஒரு நாள் போனாலும் கோர்ஸ் முடியாது. அந்த மாதங்களில் இலங்கையின் கிழக்குக் கரை நன்றாக இருக்கும். திருகோணமலை, நிலாவெளி, புறாத்தீவு எல்லாம் மே முதல் செப்டம்பர் வரை அமைதியான கடல். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் இருக்கிறது, அங்கிருந்து சாலைவழி ஏறக்குறைய அரை நாள். ஐந்து நாளில் அடங்கும், ஆனால் திரும்பும் விமானத்துக்கான இடைவெளிக் கணக்கு அங்கேயும் அதேதான்.

விடுப்பு மூன்று நாளாகச் சுருங்கினால் புதுச்சேரி. அந்தமான் அளவுக்குத் தண்ணீர் தெளிவாக இருக்காது, பார்வைத் தூரம் நாளுக்கு நாள் மாறும். ஆனால் விமானமும் இல்லை, ஃபெர்ரியும் இல்லை, கோவையிலிருந்து ஓர் இரவுப் பயணம், கடைசி நாள் காலையிலும் டைவ் போடலாம். பொதுவாகப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கடல் ஒத்துழைக்கும். ஒரு எச்சரிக்கை: திரும்பும் வழியில் அப்படியே ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ ஏறிவிடலாம் என்று நினைத்தால், மேலே சொன்ன 18 மணி நேரமும் என் 24 மணி நேரமும் மலைச்சாலைக்கும் பொருந்தும். அன்றிரவு கோவையிலேயே தூங்கிவிட்டு மறுநாள் பிற்பகல் ஏறுங்கள்.